கோதுமை சேரா அடுக்களை

(மூணாற்றில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவின் மகளிர் அரங்கில் ஆற்றிய உரை)





சங்கத்தின் ஆண்டு விழா என்றால் சிலம்பைப் பற்றியும் குறளைப் பற்றியும் பேசுதற்கு அறிஞர் பலர் இருக்கின்றனர். எனக்கோ அடுப்பங்கரையைப் பற்றிப் பேசுமாறு விழாக்குழுவினர் பணித்திருக்கின்றனர். அதிலும் பொருளைக் குறித்தே கொடுத்துவிட்டனர். 'குளூட்டன்' சேராத உணவு, குறிப்பாகப் 'பக்வீட்' என்னும் மணியை வறுத்துச் சமைக்கும் முறை, இதுதான் தலைப்பு. நம் குடியிருப்பில் இரண்டொரு குழந்தைகளுக்குக் கோதுமை ஆகாது என்று மருத்துவர்கள் சொல்லியிருக்கின்றனர். அவர்களுடைய அன்னையர் கடைகடையாக ஏறி இறங்குகின்றனர். ஒரு சிறு பொட்டலம் மாவுக்கு அவர்கள் கொடுக்கும் விலையைக் கேட்டால் நமக்கு மூச்சு நின்றுவிடும். அவர்களை முன்னிறுத்தியே இவ்வுரை.

முதலில் குளூட்டன் என்பது யாது என்று பார்ப்போம். ஒரு கைப்பிடி மைதாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, அரைமணி நேரம் வைத்திருந்து, பின்பு தண்ணீருக்குள் வைத்து மெல்லக் கசக்கிப் பாருங்கள். வெண்மையான பால் கரைந்து போய்க்கொண்டே இருக்கும். இறுதியில் உங்கள் கையில் எஞ்சுவது இரப்பர் போன்ற ஒரு பிசின். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அதுவே குளூட்டன். புரோட்டாக் கடையில் மாவை வீசி விசிறிபோல் விரிக்கிறார்களே, கிழியாமல் அது விரிவது இந்தப் பிசினால்தான். ரொட்டி உப்புவதும் இதனால்தான். கோதுமையிலும் வாற்கோதுமையிலும் 'ரை' என்னும் மேல்நாட்டுத் தானியத்திலும் இஃது உண்டு. அரிசியில் இல்லை, சோளத்தில் இல்லை, நம் சிறுதானியங்கள் எவற்றிலும் இல்லை.

நம்முள் பலர் நெல்லைச் சீமையிலிருந்து வந்த குடும்பத்தார். திருநெல்வேலி அல்வா எப்படிக் கிண்டுகின்றனர் என்பது உங்களுக்குத் தெரியும். சம்பாக் கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பாலைப் பிழிந்துகொண்டு சக்கையை ஒதுக்கிவிடுகின்றனர். நான் மேலே சொன்ன மைதாச் சோதனையும் அதுவும் ஏறத்தாழ ஒரே வேலைதான். பிசினில் பெரும்பகுதி சக்கையோடு போய்விடுகிறது. ஆனால் முழுவதும் போய்விடுவதில்லை. ஆகையால், "அல்வாவில் பால் மட்டுந்தானே இருக்கிறது" என்று சொல்லி அந்தக் குழந்தைகளுக்கு ஒரு துண்டு கொடுத்துவிடாதீர்கள். சம்பாக் கோதுமையும் கோதுமையே.

இனி நோயைப் பற்றிச் சில சொற்கள். இதனைச் சீலியாக் நோய் என்பர். இந்நோய் உடையவர் குளூட்டனை உண்டால், அவருடைய உடலின் காவற்படையே திரும்பிச் சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகின்றது. அச்சுவரில் வெல்வெட்டுத் துணியின் மயிர்போல் நெருங்கியிருக்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. பிறகு எத்தனை நல்ல உணவு கொடுத்தாலும் உடலில் ஒட்டுவதில்லை. வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், இரத்தசோகை, வளர்ச்சிக் குறைவு ஆகியன தோன்றுகின்றன. சிலர்க்கு வயிற்றுக் கோளாறு ஒன்றுமே இல்லாமல் சோகை மட்டும் தெரியும். இரும்புச்சத்து மருந்தை ஆண்டுக்கணக்கில் விழுங்கியும் தேறாத பெண்மக்களுள் சிலர்க்கு உள்ளே இருப்பது இந்நோயாகவும் இருக்கலாம்.

இதன் காரணத்தைக் கண்டறிந்த வரலாறு சுவையானது. ஹாலந்து நாட்டில் வில்லெம் கரேல் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். ரொட்டியை நிறுத்தினால் தன் பிள்ளை தேறுகிறது என்று தாய் ஒருத்தி சொன்ன சொல்லை அவர் தள்ளிவிடவில்லை. பின்னர் 1944-45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், போரின் கொடுமையால் அந்நாட்டில் பெரும் பஞ்சம் வந்தது. ரொட்டி கிடைக்கவில்லை. நாடே பட்டினியால் வாடியபோது, இந்நோயுற்ற குழந்தைகள் மட்டும் தேறினர்! ரொட்டி திரும்ப வந்ததும் நோயும் திரும்ப வந்தது. டிக்கே தம் ஆராய்ச்சியை 1950ஆம் ஆண்டில் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் நூலாக அளித்தார். அன்று முதல் இன்றுவரை இந்நோய்க்கு ஏற்ற மருந்து ஒன்றே: வாழ்நாள் முழுவதும் குளூட்டனை அறவே நீக்குதல்.

இந்நோய் எல்லார்க்கும் வருவதன்று. 2016ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு நம் நாட்டின் மூன்று பகுதிகளை ஒப்பிட்டுப் பார்த்தது. வடக்கே நூற்றுக்கு 1.23 பேர், வடகிழக்கே 0.87, தெற்கே 0.10. வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை சராசரி 455 கிராம். தெற்கே 25 கிராம். ஆனால் இந்நோய்க்கு இடங்கொடுக்கும் பிறவிக்கூறு எல்லாப் பகுதியிலும் ஏறத்தாழ மூவரில் ஒருவர்க்கு இருந்தது. இதனை நாம் கருதிப் பார்க்க வேண்டும். நாள்தோறும் புரோட்டாவும் பிஸ்கோத்தும் நூடுல்சும் என்று நம் மக்களின் உணவு மாறிவரும் காலம் இது.

தெற்கே ஆயிரத்தில் ஒருவர்தானே என்பீர்கள். உண்மை. ஆகையால், நோயில்லாதவர் நாகரிகம் கருதிக் கோதுமையை விடவேண்டியதில்லை. குளூட்டனை விட்டால் மேனி பொலியும், மூளை ஒளிரும் என்று விளம்பரம் செய்வாரும் இருக்கின்றனர். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பார்க்கு மதி எங்கே? ஆனால் அந்த ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு ரொட்டியின் ஒரு சிறு துணுக்கும் தீங்குதான். இன்னொன்றும் சொல்லவேண்டும். ஐயம் தோன்றியவுடன் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போகாதீர்கள். இரத்தச் சோதனையும் குடற்சோதனையும் கோதுமை உண்டுவரும்போது செய்தால்தான் உண்மையைக் காட்டும். முதலில் சோதனை, பிறகு பத்தியம்.

பக்வீட்டுக்கு வருவோம். பெயரில் கோதுமை இருக்கிறது, பொருளில் இல்லை. அது புல்லினத் தானியமே அன்று. நம் சுக்காங்கீரையின் குடும்பத்தைச் சேர்ந்த செடி. மூன்று பட்டையுள்ள சிறு விதை. மேலோட்டை நீக்கினால் உள்ளிருக்கும் பருப்பே நாம் சமைப்பது. உருசியாவிலும் உக்ரைனிலும் போலந்திலும் ஏழையும் செல்வரும் உண்ணும் அன்றாட உணவு அது. அங்கே மணியை வறுத்துத்தான் விற்கின்றனர். சப்பானியர் அதன் மாவில் 'சோபா' என்னும் இழையுணவு செய்கின்றனர். அதில் கோதுமை மாவு கலப்பதும் வழக்கம், ஆதலால் பெயரை நம்பி வாங்கலாகாது. நம் இமயமலைச் சாரலில் நெடுங்காலமாக விளைகிறது. இந்தியில் அதன் பெயர் 'குட்டு'. நம் மொழியில் குட்டு என்றால் தலையில் வாங்குவது. அவர்கள் மொழியில் வயிற்றுக்கு வழங்குவது. வடநாட்டார் நவராத்திரி நோன்பில் தானியம் உண்பதில்லை. குட்டு தானியமன்று என்பதால் அன்று அதன் மாவில் பூரி சுடுகின்றனர். நம்மவர் ஏகாதசியன்று அரிசியை விலக்கிவிட்டு இரவை உப்புமா கிண்டுகின்றனர்! ஒருவர் நோன்பு மற்றவர்க்கு விருந்து.

இந்த மணியை வறுப்பது எற்றுக்கு? வறுக்காத மணி வெளிறிய பச்சை நிறமாக இருக்கும். நீரில் இட்டவுடன் வழவழப்பான ஒரு பசை அதனின்று வெளிப்படும். வெந்தால் குழைந்து கூழாகிவிடும். வாணலியில் எண்ணெயில்லாமல் இளந்தீயில் வறுத்தால் ஈரம் போகும், பசை அடங்கும், நிறம் செம்பழுப்பாகும், முந்திரியை வறுத்தாற்போன்ற ஒரு மணம் எழும். அதன்பின் வேகவைத்தால் மணி மணியாக நிற்கும். கிழக்கு ஐரோப்பாவின் யூதப் பெண்டிர் ஒரு முட்டையை அடித்து மணிகளில் புரட்டி, அது காயும்வரை வாணலியில் கிளறிய பின்னரே நீர் ஊற்றுவர். ஒன்றோடொன்று ஒட்டாமல் இருத்தற்கு அவர்கள் கண்ட வழி. இரவையை நெய்யில் வறுத்து உப்புமாவுக்கு எடுக்கும் நம் பாட்டிமாருக்கு இதன் நுணுக்கத்தை யாரும் விளக்கவேண்டுவதில்லை. முட்டைக்கு ஈடாக ஒரு கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ போதும்.

நம் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு. மூணாறு கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதில்லை. 95 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. கொதிக்கிறதே என்று நாம் நம்புகிறோம். உள்ளே மணி வேகாமல் இருக்கிறது. மதுரையில் இருக்கும் தங்கை கடிதத்தில் எழுதியனுப்பிய கணக்கு இங்கே பலிக்காது. பொதுவாக ஒரு டம்ளர் வறுத்த பக்வீட்டுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர், கால்மணி நேரம் என்பர். இங்கே இரண்டரை டம்ளராக ஊற்றி, இறுக மூடி, இன்னும் பத்து நிமிடம் கூட்டுங்கள். குக்கர் இருந்தால் இக்கவலை இல்லை.

பொங்கல் செய்யும் முறையைச் சொல்கிறேன். ஒரு டம்ளர் வறுத்த மணி, கால் டம்ளர் பாசிப்பருப்பு. பருப்பையும் தனியே சிவக்க வறுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கழுவி, மூன்றரை டம்ளர் நீரும் உப்பும் சேர்த்துக் குக்கரில் மூன்று சீழ்க்கை வரும்வரை வையுங்கள். நெய்யில் மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை, முந்திரி தாளித்துக் கொட்டிக் கிளறுங்கள். பெருங்காயம் இடாதீர்கள், ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்வேன். வெண்பொங்கலின் வெண்மை இராது. ஆனால் குளிர்காலக் காலையில், வேலைக்குப் புறப்படும் முன் இரண்டு கரண்டி உண்டால் நண்பகல்வரை பசி எடுக்காது.

உப்புமாவுக்கும் வறுத்த மணியே ஏற்றது. தோசைக்கு மட்டும் வறுக்காதது வேண்டும். அங்கே அந்த வழவழப்பே நமக்குத் துணை. மூன்று பங்கு பச்சை மணியும் ஒரு பங்கு உளுந்தும் நான்கு மணி நேரம் ஊறவைத்து அரைக்கலாம். சமவெளியில் இரவு கரைத்த மாவு விடியலில் புளித்திருக்கும். நம் மார்கழிக் குளிரில் அடுத்த நாள் உச்சிப்பொழுதானாலும் அசையாது. அடுப்பு மேடையில், கணப்பின் அருகே, கம்பளத் துணி சுற்றி வையுங்கள். குட்டு மாவு வாங்கினால் அதில் பூரியோ அடையோ செய்ய ஒரு வழி உண்டு. பிசின் இல்லாத மாவாதலால் தனியே ஒட்டாது. வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கைச் சேர்த்துப் பிசைந்தால் ஒட்டும். வடநாட்டார் அவ்வாறே செய்கின்றனர். வட்டவடை உருளைக்கிழங்கை அருகில் வைத்துக்கொண்டு நாம் அஞ்சவேண்டியதில்லை. மாவைச் சிறிது சிறிதாக வாங்குங்கள். அதிலுள்ள எண்ணெய்ப்பசை விரைவில் காறிப்போகும். நம் மழைக்காலத்து ஈரமும் அதற்குப் பகை. மேலும், பக்வீட்டே ஒவ்வாத உடம்பும் சிலர்க்கு உண்டு. குழந்தைக்கு முதல்முறை கொடுக்கும்போது ஒரு கரண்டியோடு நிறுத்திக் கவனித்துப் பாருங்கள்.

பக்வீட்டைப் புகழ்ந்தேன். எனினும், தாய்மார்களே, அது இமயத்திலிருந்தும் கடல் கடந்தும் வரும் விருந்தினர். விருந்தினரை நம்பிக் குடும்பம் நடத்துவார் உண்டோ? சற்றே எண்ணிப் பாருங்கள். மேல்நாட்டில் இந்நோய் உற்றவர் படும் துன்பம் ரொட்டியைப் பற்றியது. பிசின் இல்லாத மாவில் ரொட்டி உப்பாது, உதிரும். ஆகவே ஏதேதோ கோந்துகளைச் சேர்த்து, ஆலைகளில் செய்து, பெருவிலைக்கு விற்கின்றனர். அந்தப் பொட்டலங்களே இங்கும் வருகின்றன. நம் அடுக்களைக்கு இந்தத் துன்பம் என்றும் இருந்ததில்லை. பிசின் இல்லாத மாவை உருவாக்கி நிறுத்தும் கலை இங்கே நூற்றாண்டுகளுக்கு முன்பே முற்றிவிட்டது.

அரிசி மாவில் கொதிநீரை ஊற்றிக் கிளறுகிறோம். மாவு பாதி வெந்து தானே பசையாகிறது. அது இடியாப்பமாகவும் கொழுக்கட்டையாகவும் உருக்கொள்கிறது. உளுந்தின் வழவழப்பு காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, இட்டலி உப்புகிறது. ஆவியே புட்டை நிறுத்துகிறது. துடுப்பே களியைத் திரட்டுகிறது. நம் மலையாளத் தோழியர் தேங்காய்ப்பால் கலந்து ஆப்பம் சுடுகின்றனர். இவற்றுள் எதற்கேனும் கோதுமைப் பிசின் வேண்டியிருக்கிறதா? ஆகவே, நோயுற்ற குழந்தைக்கு "உனக்கு ரொட்டி இல்லை" என்று இரங்கி, ரொட்டிக்கு மாற்றுத் தேடி அலைவதைக் காட்டிலும், மற்றக் குழந்தைகளின் தட்டிலும் இட்டலியையும் புட்டையும் கேழ்வரகு அடையையும் வைப்பது எளிது. ஒரே வீட்டில் ஒரு குழந்தை மட்டும் தனித்தட்டு, தனிப்பொட்டலம் என்று வளர்வது அதன் மனத்துக்கு நல்லதன்று.

கேழ்வரகு என்றேன். நம் வீடுகளில் கேப்பை என்கிறோம். மலையாளத்தார் கூவரகு, முத்தாறி என்கின்றனர். இந்த மலைகளின் பழங்குடியினரான முதுவர், மதுரையிலிருந்து தெய்வத்தையும் குழந்தைகளையும் முதுகில் சுமந்து வந்தோம் என்று தம் வரலாற்றைச் சொல்வர். அவர்கள் பேச்சு தமிழோடு நெருங்கியது. காட்டைத் திருத்திக் கேழ்வரகு விதைத்தே அவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். கொதிநீரில் கேழ்வரகு மாவைத் துடுப்பால் கிண்டித் திரட்டும் 'கட்டி' அவர்களின் முதன்மை உணவு. அதற்கும் நம் களிக்கும் வேற்றுமை மிகச் சிறிது. மறையூருக்கு அப்பால், மழைமறைவான சின்னாறு வனவிலங்குக் காப்பகத்தில், தாயண்ணன்குடி முதுவர்கள் மறைந்துபோக இருந்த தம் பழைய கேழ்வரகு வகைகளை வனத்துறையின் துணையோடு மீண்டும் விதைத்துக் காத்து வருகின்றனர். நூறு கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து ஏறத்தாழ 350 மில்லிகிராம் உண்டு. தீட்டிய அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. குடல் நலிந்து எலும்பு மெலிந்த குழந்தைக்கு இதனினும் ஏற்றது யாது?

இதனை இழந்தால் என்ன ஆகும் என்பதற்கு நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. நமக்கு வடக்கே பாலக்காட்டு எல்லையில் அட்டப்பாடி இருக்கிறது. இருளர், முதுகர், குறும்பர் வாழும் மலை. கேழ்வரகும் சாமையும் தினையும் விளைந்த நிலங்கள் பல கைமாறின; எஞ்சியவற்றிலும் பயிர் குன்றியது; பங்கீட்டுக் கடை அரிசி அவ்விடத்தைப் பிடித்தது. 2013ஆம் ஆண்டில் அங்கே பச்சிளங் குழந்தைகள் பலர் அடுத்தடுத்து இறந்த செய்தி நாட்டையே உலுக்கிற்று. தாய்மாரின் ஊட்டக்குறைவு அதற்குப் பெருங்காரணம் என்று பேசப்பட்டது. அதன்பின் கேரள அரசு 2017ஆம் ஆண்டில் அங்கே சிறுதானியக் கிராமத் திட்டத்தைத் தொடங்கிற்று. அக்குழந்தைகளுக்கு வந்தது சீலியாக் நோயன்று, பசி. எனினும் பழைய தானியம் ஒரு மலையைவிட்டுப் போனால் முதலில் மெலிவது யார் என்பதை அட்டப்பாடி காட்டிற்று.

நம் கதையும் ஒருவகையில் அதுவே. நம் முன்னோர் கங்காணிகளின் பின்னே இம்மலை ஏறியது 1880க்குப் பின்னர். ஊரில் அவர்கள் உண்டது கேப்பையும் கம்பும் சோளமும்; நெற்சோறு திருநாளில்தான். இங்கே வந்தபின் அரிசி அன்றாட உணவாயிற்று. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பி வடத்தில் தேயிலைப் பெட்டிகள் இறங்கின. போடியிலிருந்து வந்த அரிசி மூட்டைகள் ஏறின. குண்டளைப் பள்ளத்தாக்கின் சிற்றிரயிலை 1924ஆம் ஆண்டு வெள்ளம் அழித்தது. அரிசியின் பெருமை அழியவில்லை. அரிசி உண்பது உயர்வு, கேப்பை உண்பது தாழ்வு என்ற எண்ணமும் அதனோடு சேர்ந்தே வளர்ந்தது. கோதுமையோ இன்னும் பிந்தியது. 1956ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக நம் நாட்டுக்கு வந்தது. 1960களில் 'கேர்' நிறுவனத்தின் உப்புமா கேரளப் பள்ளிகளில் பிள்ளைகளின் பசியைத் தீர்த்தது; அந்நன்றியை மறக்கலாகாது. நான் சொல்ல வந்தது, கோதுமை நம் அடுக்களைக்கு மிக அண்மையில் வந்த பொருள் என்பதே. அஃது இல்லாமல் சமைக்கும் வழி இங்கு யாருக்கும் மறந்திருக்க முடியாது. வீட்டில் மூத்தோர் இருந்தால் கேளுங்கள்.

கேழ்வரகையும் வறுத்தே அரையுங்கள். கழுவி, உலர்த்தி, வாணலியில் மணம் வரும்வரை வறுத்து அரைத்த மாவு பச்சை வாடை இல்லாமல் இருக்கும். தகரப்பெட்டியில் ஒரு திங்கள் கெடாது. உப்பு நீர் தெளித்துப் பிசிறிப் புட்டு அவித்து, மறையூர் வெல்லத்தைச் சீவிப் போட்டு, தேங்காய்த் துருவலோடு கொடுத்தால் எந்தக் குழந்தை வேண்டாமென்னும்? மறையூர் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைத் தேடி வெளியூரார் நம்மிடம் வருகின்றனர். நாமோ பொட்டல மாவைத் தேடி வெளியூர் போகிறோம். சாமைச் சோறு, தினைப் பொங்கல், குதிரைவாலி உப்புமா ஆகியவை அரிசிச் சமையல் போன்றவையே. விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இனிப் பெருங்காயத்துக்கு வருவோம். பொங்கலில் இடவேண்டா என்றேனே! கடையில் நாம் வாங்கும் கூட்டுப் பெருங்காயம் தனிப் பெருங்காயமன்று. அதன் காரத்தைத் தணிக்கவும் தூளாக்கவும் மாவு கலக்கின்றனர்; பலவற்றில் அது கோதுமை மாவு. அட்டையைத் திருப்பிப் படித்தால் அச்சிட்டிருப்பது தெரியும். அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது, கேட்டு வாங்கவேண்டும். சாம்பாரிலும் இரசத்திலும் கோதுமை எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் திகைத்த தாய்மார் உண்டு. சிட்டிகை பெருங்காயத்திலிருந்து வந்தது அது. அவ்வாறே, பிள்ளை மெலிந்திருக்கிறதென்று பாலில் கலந்து கொடுக்கும் மால்ட் பானங்களில் வாற்கோதுமையும் கோதுமையும் உண்டு. நலம் கருதிக் கொடுத்ததே நஞ்சாகிறது. சேமியா, இரவை, கேசரி, ஓணத்துக் கோதுமைப் பாயசம் ஆகியவை வெளிப்படையானவை. கடைத்தெரு நூடுல்சில் ஊற்றும் சோயாச் சாற்றில் கோதுமை இருப்பது வெளிப்படையன்று. தேநீர்க் கடை உளுந்துவடை உளுந்தால் ஆனதே. ஆனால் மைதாப் போண்டா பொரித்த எண்ணெயில் அதுவும் பொரிகிறது.

மாவு ஆலை இன்னொன்று. நமக்கு முன்னால் நின்றவர் கோதுமை அரைத்திருந்தால், நம் கேழ்வரகு மாவோடு அவருடைய மாவிலும் ஒரு பிடி வரும். ஆலைக்காரர் மீது குறையில்லை. கல்லை அவர் ஒவ்வொரு முறையும் கழுவ இயலாது. அந்தக் குழந்தைக்கு வேண்டிய சிறு அளவை வீட்டு மிக்சியில் அரைத்துச் சலித்துக்கொள்வதே நன்று. சல்லடையும் தனியாக இருக்கட்டும். கோதுமைத் தோசை சுடும் கல்லிலேயே அதற்கும் தோசை வார்க்காதீர்கள். பொட்டலம் வாங்கினால், குளூட்டன் இல்லாதது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்; கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இராத பொருளுக்கே அவ்வாறு அச்சிட நம் நாட்டுச் சட்டம் இடந்தருகிறது. பக்வீட்டுக்கும் இது பொருந்தும். தானே தூயதாயினும், கோதுமை அரைத்த ஆலையில் அரைத்திருந்தால் பயனில்லை.

கிறித்தவ அன்பர்களும் இங்கே பலர் இருக்கின்றீர்கள். நற்கருணை அப்பம் கோதுமையால் ஆவது. கோதுமை அறவே நீங்கிய அப்பத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்பதில்லை. ஆயினும் குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்துக்கு அது இசைவு தந்திருக்கிறது. 2017ஆம் ஆண்டில் உரோமையிலிருந்து வந்த மடல் அதனை மீண்டும் உறுதி செய்தது. அதுவும் ஆகாதவர் இரசத்தை மட்டும் பெறலாம். முதல் நற்கருணைக்கு அணியமாகும் குழந்தையின் பெற்றோர் பங்குத் தந்தையிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கோவிலுக்குப் போவோர்க்கு இவ்வளவு இடர் இல்லை. சர்க்கரைப் பொங்கலும் சுண்டலும் தாராளமாக உண்ணலாம். சுண்டலில் பெருங்காயம் இட்டார்களா என்று மட்டும் மடைப்பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றினும் கடினமானது அண்டை வீட்டு அன்பு. "ஒரு வாய்தானே, ஒன்றும் செய்யாது" என்று ஊட்டிவிடும் அத்தைமாரும் பெரியம்மாமாரும் நம் குடியிருப்பில் நிறைய இருக்கின்றனர். அவர்கள் அன்பில் ஐயமில்லை. அவர்களிடம் அந்தக் குழந்தையின் தாய் ஒவ்வொரு முறையும் மல்லுக்கு நிற்கவேண்டியிருக்கிறது. பிறந்தநாள் என்றால் கேக்கு வெட்டுகிறீர்கள். அந்தக் குழந்தை ஓரமாக நிற்கிறது. கேக்கோடு ஒரு தட்டு மாவுருண்டையும் வைத்துவிடுங்கள். பாசிப்பருப்பை வறுத்து அரைத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துப் பிடிப்பது. எந்தக் குழந்தையும் எடுத்துக்கொள்ளலாம்.

மண்டபத்தின் பின்கட்டில் இரண்டு பாத்திரங்கள் வைத்திருக்கிறோம். பெரியதில் நம் வழக்கமான இரவைக் கிச்சடி. சிறியதில் நான் சொன்ன வறுத்த பக்வீட்டுப் பொங்கல், பெருங்காயம் இடாதது. அதனை முதலில் அந்தக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டு, மிஞ்சுவதை மற்றவர்கள் சுவை பாருங்கள். ஒன்றின் கரண்டியை மற்றொன்றில் இடாதீர்கள்.